பக்கத்தின் அடியில் மூன்று முத்திரைகள்

அவள் செய்த இணையப் பக்கத்தை நான் முதன்முதலாகப் பார்த்தது எங்கள் மலையூர் பிரிஞ்சாங்கில், பாய் கடையில், ரொட்டி சானாய்க்குக் காத்திருந்தபோது. பாய்க்குச் சாப்பாட்டுக் கடையோடு ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் பஸ் விடும் தொழிலும் உண்டு. இருந்த இடத்திலிருந்தே டிக்கெட் எடுக்கிற மாதிரி ஒரு பக்கம் செய்து தரமுடியுமா என்று அவர் முதலில் கேட்டது என்னிடம்தான். இரண்டு மாதம் ஆகும் என்று சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு இதே தொழில் செய்கிற அவளிடம் போய்விட்டார். அவள் எட்டே நாளில் முடித்துக் கொடுத்துவிட்டாள். அந்தப் பக்கத்தை பாய் என்னிடமே நீட்டி, எப்படி இருக்கிறது பாரம்மா என்று ஆசையாகக் கேட்டார். கள்ளங்கபடம் இல்லாத மனிதர். வேண்டுமென்றே சீண்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு எரிந்திருக்காது.

பக்கம் நன்றாக இருந்தது. பெரிய எழுத்து, கண்ணை உறுத்தாத நிறம். ஊரைத் தொட்டால் தேதி வரும், தேதியைத் தொட்டால் பஸ்ஸின் உள்பக்கம் படமாக விரியும், இருக்கையைத் தொட்டால் அது பச்சையாகும். மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றிலும் இருந்தது. நான் இரண்டு மாதம் கேட்டதில் பாதி நாள் அந்த பஸ் படத்துக்காகத்தான். விரலால் தள்ளிக்கொண்டே அடிவரைக்கும் போனேன். அங்கே மூன்று பச்சை முத்திரைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. இணையத் தரங்களின்படி எழுதப்பட்டது. எல்லாக் கருவிகளிலும் இயங்கும். எல்லோரும் பயன்படுத்தலாம்.

பாயிடம் நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு, வந்த ரொட்டியைச் சரியாகத் தின்னாமல் எழுந்து வந்தேன்.

அந்த முத்திரை என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். இணையப் பக்கம் எழுதுவதற்கு உலகம் முழுக்கப் பொதுவான விதிகள் இருக்கின்றன. அந்த விதிகளின்படி எழுதினால் எந்த போனிலும் திறக்கும், கண் தெரியாதவர்களின் போன் அதை வாய்விட்டுப் படித்துக் காட்டும். நாம் எழுதிய பக்கத்தைச் சோதித்துப் பார்க்க இலவசமாகவே சோதனைத் தளங்கள் உண்டு. முகவரியைக் கொடுத்தால் பிழைகளைப் பட்டியல் போட்டுத் துப்பும். ஒரு பிழையும் இல்லாதவர்கள் அடியில் அந்தப் பச்சை முத்திரையைப் போட்டுக்கொள்ளலாம். யாரிடமும் கேட்டு வாங்கவேண்டியதில்லை, போட்டால் தடுக்கவும் யாரும் இல்லை.

நான் பக்கத்து ஊரான கியா பார்மில் ஒரு ஸ்ட்ராபெரித் தோட்டத்துக்குச் செய்த பக்கத்தில் கடைசியாக ஒரே ஒரு பிழை மிஞ்சியது. அதைத் துரத்திப் பிடிக்க மூன்று நாள் ஆனது. தோட்டக்காரருக்கு அது என்னவென்றே தெரியாது, எனக்குத் தெரியும். முத்திரையை ஒட்டிய அன்று வீட்டில் பாயசம் வைத்தேன். என் வீட்டுக்காரர், தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர், யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டுவிட்டுக் குடித்தார். அப்படி ஒவ்வொன்றாகப் பாடுபட்டு வாங்கிய முத்திரையை அவள் எட்டே நாளில் மூன்றாக ஒட்டியிருந்தாள்.

அவளும் நானும் ஒரே எஸ்டேட், ஒரே லைன் வீடு, நடுவில் ஒரு சுவர்தான். எங்கள் இரண்டு அம்மாக்களும் ஒரே மலையில் கொழுந்து வெட்டியவர்கள். நாங்கள் மாரியம்மன் கோயிலுக்குப் போவோம், அவர்கள் வீடு மாதா கோயிலுக்கு. தமிழ்ப் பள்ளியில் ஒரே பெஞ்சு. அவளுக்கு முத்துமுத்தான கையெழுத்து. நான் சரியாக எழுதுவேன், அவள் அழகாக எழுதுவாள். சுவரில் மாட்டப்படுவது எப்போதும் அழகுதான்.

நான்காம் வகுப்பில் ஒரு பரீட்சை. நான் வழக்கம்போல் தாளின் தலையில் பிள்ளையார் சுழி போட்டுவிட்டுத்தான் பெயரையே எழுதினேன். பக்கத்தில் பார்த்தால் அவள் தாளிலும் பிள்ளையார் சுழி. என்னுடையதைவிட அழகாக, அடியில் இரண்டு கோடு, நடுவில் ஒரு புள்ளியோடு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து நின்று, டீச்சர், இவ என்னைப் பாத்து எழுதுறா என்றேன். டீச்சர் வந்து இரண்டு தாளையும் பார்த்தார். பதில்களில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. இது எதற்கு என்று அவளிடம் சுழியைக் காட்டிக் கேட்டார். நல்ல பிள்ளைங்க தாள்ல இது இருக்கும் டீச்சர் என்று அவள் சொன்னாள். டீச்சர் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, அவள் தாளையே சுவரில் மாட்டினார், சுழியோடு. அன்று சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அம்மா அவளைத் திட்டியது கேட்டது. எனக்கு அது போதவில்லை.

இதையெல்லாம் முப்பது வருஷமாக ஞாபகம் வைத்திருக்கிறேன் என்பதிலிருந்தே என் குணம் தெரிந்திருக்கும்.

பாய் கடையிலிருந்து வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அவள் பக்கத்தின் முகவரியைச் சோதனைத் தளத்தில் கொடுத்தேன். வெளியே நல்ல மழை, இணையம் இழுத்துக்கொண்டு கிடந்தது. பட்டியல் வர நேரமானது. வந்தபோது எண்பத்து மூன்று பிழைகள். படங்களுக்கு விளக்கம் இல்லை. பட்டன்களுக்குப் பெயர் இல்லை. ஒரே இடத்தில் வரவேண்டிய அடையாளம் பத்து இடத்தில். நான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, எண்பத்து மூன்றையும் ஒவ்வொன்றாக, பலகாரம் தின்பதுபோல் படித்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அந்த வருஷம் எதையும் படிக்கவில்லை.

பிறகு எழுத உட்கார்ந்தேன். பிரிஞ்சாங் கடைக்காரர்கள், விடுதிக்காரர்கள் எல்லோரும் இருக்கிற ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு, நானும் அவளும் அதில் இருக்கிறோம். அதில் போடுவதற்காக எழுதினேன். பொய் முத்திரை, பொதுமக்களை ஏமாற்றுதல், பச்சைப் புளுகு என்ற வார்த்தைகள் எல்லாம் தாமாகவே வந்து உட்கார்ந்தன. பட்டியலைப் படமெடுத்து இணைத்தேன். அனுப்பும் இடத்தில் விரலை வைத்தபோது, ஒரு சாட்சியும் இருந்தால் வாயைத் திறக்கமாட்டாள் என்று தோன்றியது. சாட்சி எங்கள் வீட்டிலேயே இருந்தான்.

என் தம்பிக்குக் கண் தெரியாது. பள்ளிக்கூட நாளிலேயே மங்க ஆரம்பித்து, இடைநிலைப் பள்ளி முடிக்கும்போது முழுதாகப் போய்விட்டது. கோலாலம்பூரில் மசாஜ் கற்றுக்கொண்டு வந்து, இப்போது பிரிஞ்சாங்கில் ஒரு கால்பிடி நிலையத்தில் வேலை செய்கிறான், மாடியிலேயே தங்கல். திங்கட்கிழமை லீவு. அன்று காலையில் என் வீட்டுக்காரர் போய் மோட்டாரில் ஏற்றிக்கொண்டு வருவார். நான் மீன் குழம்பு வைப்பேன். திங்கட்கிழமை என்றால் எனக்குத் தம்பி.

அவன் போன் எல்லாவற்றையும் படித்துக் காட்டும். விரலால் கண்ணாடியைத் தடவிக்கொண்டே போவான், விரல் படுகிற இடத்தில் இருப்பதை அது வாய்விட்டுச் சொல்லும். ஆனால் பஸ் டிக்கெட் மட்டும் நான்தான் எடுத்துக் கொடுப்பேன். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஈப்போ போவான். எதுக்கு என்று கேட்பேன். சும்மா என்பான். யாரோட என்று கேட்பேன். சும்மாதான் என்பான். என்றைக்குப் போகிறான், எத்தனை மணிக்கு வருகிறான் என்பது எனக்குத் தெரிந்திருக்கும். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அந்தத் திங்கட்கிழமை சாப்பாடு முடிந்ததும், பாய் பஸ்ஸுக்குப் புதுசாகப் பக்கம் வந்திருக்கிறது என்று அவனிடம் சொன்னேன். யார் செய்தது என்று சொல்லவில்லை. எல்லோரும் பயன்படுத்தலாம் என்று அடியில் போட்டிருப்பதை மட்டும் சொன்னேன்.

அவன் முகம் மாறியது. கையைத் துடைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்தான்.

"அப்படியா போட்டுருக்கு? அப்படின்னா இனி நானே எடுத்துக்கலாமே லா."

"நான் எடுத்துத் தரேன்ல. ஒனக்கு என்ன கொற?"

"நீ எடுத்துத் தருவ. அது தெரியும்," என்றான்.

நான் என் போனை எடுத்து, அவனுக்குத் தெரியாமல், அவன் கையையும் குரலையும் பதிவு செய்ய ஆரம்பித்தேன். ஊர் தேர்ந்தெடுத்தான், சரியாக வந்தது. தேதி வந்தது. எனக்குக் கொஞ்சம் பயமாகவே ஆகிவிட்டது, எங்கே கடைசிவரை போய்விடுவானோ என்று. பிறகு பஸ் படம் விரிந்தது. அவன் விரல் முதல் இருக்கையைத் தொட்டது. பட்டன் என்றது போன். அடுத்ததைத் தொட்டான். பட்டன். அதற்கு அடுத்தது. பட்டன். எந்த இருக்கை, காலியா, ஆள் இருக்கிறதா, ஒன்றும் இல்லை. பின்வரிசைவரை தடவிக்கொண்டே போனான், திரும்பி முன்னால் வந்தான். பட்டன், பட்டன், பட்டன். ஒன்றை அழுத்தினான். அது என்ன ஆயிற்று என்றும் சொல்லவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். ஊர், தேதி, பட்டன். மூன்று தடவை செய்தான். அவன் நெற்றியில் வியர்த்திருந்தது, எங்கள் குளிரில்.

"முடியலையா?" என்று கேட்டேன்.

அவன் விரலை எடுத்துவிட்டான். போனைக் கவிழ்த்து வைத்தான்.

"அக்கா, எனக்கு டிக்கெட் எடுக்க முடியலன்னதும் ஒனக்கு ஏன் இவ்ளோ சந்தோஷம்?"

நான் சிரிக்கக்கூட இல்லை. ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டேன். அந்த ஒரு வார்த்தையிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. பதிவை நிறுத்தினேன். யார் செய்த பக்கம் என்று அப்போது சொன்னேன், எண்பத்து மூன்றையும் சொன்னேன், குழுவில் போடப்போவதையும் சொன்னேன். முழுவதையும் கேட்டான். கேட்டுவிட்டு, குழுவில் போட்டால் தனக்கு டிக்கெட் கிடைத்துவிடுமா என்று மட்டும் கேட்டான். அவன் அடுத்த மாதம் ஈப்போ போகவேண்டும், அதைத் தன் கையால் எடுக்கவேண்டும், யாரிடமும் சொல்லாமல் போகவேண்டும். அவ்வளவுதான் அவன் கேட்டது. என் சண்டையில் அது எங்குமே இல்லை.

சாயங்காலம் அவன் போனதும் குழுவுக்கு எழுதியதை அழித்தேன். பதிவையும் அழித்தேன். நல்லவளாகிவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். பொறாமை அப்படியே இருந்தது, அதை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

அவளுக்கு மட்டும் தனியாக ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். முதலில் எழுதியது மரியாதையாகத்தான் இருந்தது, ஆனால் வரிக்கு வரி ஊசி. உனக்குத் தெரியாமல் இருக்காது என்று ஆரம்பித்திருந்தேன். மறுநாள் படித்தபோது நானே அதை வாங்கினால் என்ன செய்வேன் என்று யோசித்தேன். பதில் போடமாட்டேன், பக்கத்தையும் தொடமாட்டேன். அதை அழித்துவிட்டு, நன்றாக இருப்பதை முதலில் எழுதலாம் என்று நினைத்தேன். நல்லதை எழுதுவது எனக்குப் பல் பிடுங்குவதுபோல் இருந்தது. எழுத்து பெரிதாகப் படிக்க வசதியாக இருக்கிறது என்ற ஒரு வரிக்கு அரைமணி நேரம் ஆனது. உண்மையான வரி அது, அதனால்தான் அவ்வளவு நேரம்.

எண்பத்து மூன்றையும் இணைக்கவேண்டுமா என்று வந்தது அடுத்த வேதனை. மொத்தப் பட்டியலையும் அனுப்பினால் எந்த மனிதருக்கும் கை ஓடாது. என் தம்பியை நிறுத்தியது அதில் ஒன்றே ஒன்றுதான். மீதி எண்பத்திரண்டையும் நான் கையில் வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் கொடுக்கவேண்டும். எனக்கு அது போட்டிருந்த நகையைக் கழற்றி வைப்பதுபோல் இருந்தது.

கடைசியில் போன கடிதம் சின்னது. பார்வை இல்லாத ஒருவர் உன் பக்கத்தில் டிக்கெட் எடுக்கப் பார்த்தார். ஊர், தேதி இரண்டும் சரியாக வந்தன. இருக்கை படத்தில் அவர் போன் பட்டன் என்று மட்டும் சொல்கிறது, எந்த இருக்கை என்று சொல்லவில்லை. ஒவ்வொரு இருக்கைக்கும் ஒரு பெயர் கொடுத்தால் சரியாகிவிடும். எப்படி எழுதவேண்டும் என்று ஓர் இருக்கைக்கு மாதிரி கீழே கொடுத்திருக்கிறேன். சரிசெய்யும்வரை மூன்றாவது முத்திரையை எடுத்துவைத்தால் நல்லது. அதை நம்பித்தான் அவர் உள்ளே வந்தார். திருத்தியதும் சொல், மறுபடி பார்க்கச் சொல்கிறேன். இவ்வளவுதான். மற்ற இரண்டு முத்திரைகளைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாமல் விட்டதற்கு எனக்கு நானே மாலை போட்டுக்கொள்ளலாம்.

அவள் எழுத்தில் பதில் அனுப்பவில்லை. குரல் பதிவு வந்தது. சமையலறையில் நின்றுகொண்டே கேட்டேன்.

"நீயா எழுதின? இவ்ளோ பொறுமையா? சரி லா, கேளு. அந்த முத்திர, ஸ்ட்ராபெரித் தோட்டத்துக்கு நீ செஞ்ச பேஜ்ல பாத்தது. அதுக்கு ஒரு அர்த்தம் இருக்குன்னே எனக்குத் தெரியாது. நல்ல பேஜ்னா அடியில அது இருக்கும்னு நெனச்சேன். ஸ்கூல்ல நீ தாளுக்கு மேல ஒண்ணு போடுவியே, அது மாதிரி."

அதற்கு மேலும் பேசியிருந்தாள். நான் அந்த இடத்திலேயே நிறுத்தி மறுபடி கேட்டேன். எட்டு நாளில் என் வேலையைத் தட்டிப் பறித்தவள், என் பக்கத்தைத் திறந்து வைத்து, அடிவரைக்கும் பார்த்து, அங்கே இருந்த சின்னப் பச்சைப் படத்தைக்கூட விடாமல் எடுத்திருக்கிறாள். திருடியிருந்தால் சந்தோஷமாகச் சண்டை போட்டிருப்பேன். அவள் என்னைப் பார்த்து நல்ல பிள்ளையாக இருக்கப் பார்த்திருக்கிறாள், நான்காம் வகுப்பிலும், இப்போதும். டீச்சர் சிரித்ததுபோல் எனக்குச் சிரிக்க வரவில்லை.

பதிவின் மீதியில், அந்த ஆளைக் கொஞ்சம் கூப்பிட்டுத் தரமுடியுமா, பக்கத்தில் உட்காரவைத்துச் செய்தால் சரியாக வரும் என்று கேட்டிருந்தாள். உன் தம்பிதானே என்றும் கேட்டிருந்தாள். நான் கடிதத்தில் எங்கும் அவனைச் சொல்லவில்லை. அவனிடம் சொன்னேன். போறேன் என்றான் உடனே. அவளுக்கு லீவு ஞாயிறு, அவனுக்குத் திங்கள். திங்கட்கிழமை போவதாக இருவருமே பேசி முடித்துக்கொண்டார்கள்.

முதல் திங்கள் நான் ஒன்றும் நினைக்கவில்லை. இரண்டாவது திங்கள் மீன் குழம்பு வைத்துவிட்டுத்தான் ஞாபகம் வந்தது. மூன்றாவது திங்கள் தாங்க முடியாமல் பிரிஞ்சாங் போனேன். மார்க்கெட்டுக்கு என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன். அவள் ஆபிஸ் ஒரு கடைக்கு மேலே, மாடியில். படியில் ஏறும்போதே அவன் சிரிப்பு கேட்டது. கதவு திறந்திருந்தது. அவள் மேசையில், பக்கத்து நாற்காலியில் அவன், இரண்டு பேருக்கும் நடுவில் அவன் போன். அவன் விரலை வைக்கிறான், போன் சொல்கிறது, அவள் கேட்கிறாள், தட்டுகிறாள். பிறகு மறுபடி வைக்கிறான்.

"ஜன்னல் ஓரம்னு மட்டும் சொன்னா பத்தாது அக்கா," என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தான். "வெயில் எந்தப் பக்கம் படும்னு சொல்லணும்."

அக்கா என்று அவளைச் சொன்னான். நான் படியிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, உள்ளே போகாமல் இறங்கி வந்தேன். முட்டைக்கோஸ்கூட வாங்காமல் வீட்டுக்கு வந்தேன்.

அன்று சாயங்காலம் அவனைக் கூப்பிட்டேன். திங்கட்கிழமை இனிமேல் வீட்டுக்கு வரமாட்டியா என்று கேட்டேன். சண்டைக்கு இழுக்கிற குரல்தான், எனக்கே கேட்டது. அவன் கோபப்படவில்லை.

"அவங்க கூப்புட்டாங்க. நீ எத்தன வருஷமா பேஜ் செய்ற? ஒரு தடவகூட என்னையத் தடவிப் பாக்கச் சொன்னதில்லையே அக்கா."

லெம்பா பெர்த்தாம் காய்கறிப் பண்ணைக்கு, விடுதிகளுக்கு, பூந்தோட்டத்துக்கு என்று நான் செய்த அத்தனை பக்கத்தின் அடியிலும் அந்த முத்திரை இருக்கிறது. உண்மையான முத்திரை. சோதனைத் தளம் சொன்னது, நான் நம்பினேன். கண் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டும் என்று ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறேன். வாரா வாரம் என் வீட்டில் என் குழம்பைச் சாப்பிட்டுவிட்டுக் கைகழுவிய ஒருவனிடம் போனை நீட்டி, இது உனக்குப் படிக்கிறதா என்று கேட்கத் தோன்றவில்லை. அவனைச் சாட்சியாக்கும்போதுதான் அவன் ஞாபகமே வந்திருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து அவள் திருத்திய பக்கம் வந்தது. நான் உடனே சோதனைத் தளத்தில் போட்டேன், பழக்கம் விடுமா. பிழைகள் இன்னும் இருந்தன, கணிசமாக. ஆனால் இருக்கைகள் எல்லாம் பேசின. டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது வரிசை, ஜன்னல் ஓரம், காலை வெயில் படும் பக்கம், காலி. நான் கொடுத்த மாதிரியில் இருக்கை எண் மட்டும்தான் இருந்தது. அவள் வெயிலைச் சேர்த்திருக்கிறாள். இல்லை, அவர்கள் இருவரும் சேர்த்திருக்கிறார்கள். அடியில் மூன்று முத்திரைகளும் போயிருந்தன. அந்த இடத்தில் ஒரே ஒரு வரி, அவளுடைய அழகு கொஞ்சமும் இல்லாமல், சாதாரண எழுத்தில். பார்வை இல்லாத ஒருவர் இந்தப் பக்கத்தை முழுதாகப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார், உங்களுக்கு எங்காவது சிக்கினால் இந்த எண்ணுக்குச் சொல்லுங்கள். மூன்று முத்திரையைப் பார்த்தபோதுகூட எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை. இது உண்மை. இதை நான் எழுதியிருக்கவேண்டும்.

பக்கம் முடிந்தும் திங்கட்கிழமைகளில் அவன் அவள் ஆபிஸுக்கே போய்க்கொண்டிருந்தான், அவளுடைய மற்ற பக்கங்களைத் தடவிப் பார்க்க. அடுத்த மாதம் ஒரு புதன்கிழமை, மத்தியானம், சும்மா பேசலாம் என்று தம்பிக்குப் போன் போட்டேன். எடுத்தான். பின்னால் இன்ஜின் சத்தம்.

எங்கே இருக்கிறாய் என்று கேட்டேன். பஸ்ஸில், லீவு போட்டிருக்கேன், ஈப்போ கிட்ட வந்தாச்சு என்றான். யார் டிக்கெட் எடுத்தது என்று கேட்கப்போய், வாயை மூடிக்கொண்டேன். யாரைப் பார்க்கப் போகிறான் என்றும் கேட்கவில்லை. அவனே, ஒருத்தங்கள பாக்கப் போறேன், சொல்ற நேரம் வந்தா சொல்றேன் என்றான். ஒருத்தங்க என்று அவன் சொன்ன விதத்திலேயே பாதி தெரிந்துவிட்டது. இத்தனை வருஷம் நான் அவனுக்கு எடுத்துக் கொடுத்த டிக்கெட் எதிலும் அந்த ஒருத்தர் என் கண்ணில் பட்டதில்லை.

எந்த சீட்டு என்று மட்டும் கேட்டேன். ஜன்னல் சீட்டு என்றான். ஒனக்கு எதுக்கு ஜன்னல் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லவில்லை. அவனே சொன்னான்.

"கண்ணாடியில கன்னத்த வச்சிருந்தேன் அக்கா. மேல இருக்கறப்ப ஜில்லுன்னு இருந்துச்சு. எறங்க எறங்கச் சூடாச்சு. எங்க இருக்கோம்னு யாரையும் கேக்கவே இல்ல."

நான் எழுதிய கடிதம்தான் அவனை அந்த ஜன்னலில் உட்காரவைத்தது. ஆனால் வெயில் எந்தப் பக்கம் என்று அவனுக்குச் சொன்னது அவள் பக்கம். இரண்டையும் ஒன்றாக விழுங்கவேண்டியிருந்தது.

நான் செய்த பக்கங்களின் பட்டியல் எதிரே சுவரில் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, அடுத்த திங்கட்கிழமை வீட்டுக்கு வரமுடியுமா, என் பக்கங்களையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துச் சொல்லமுடியுமா என்று கேட்டேன். மீன் குழம்பு வைக்கிறேன் என்றும் சொன்னேன்.



"திங்கக்கெழமையா," என்றான். "அந்த அக்காகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்."